பலகைப் பெட்டியும் இரும்புக் கூண்டும்

மார்கழி மாசம் விடியக்காலை அஞ்சு மணிக்குப் பால் கறக்க எழுந்திருக்கும்போதுதான் தங்கச்சி பையனிடமிருந்து போட்டோ வரும். நமக்கு விடியற நேரம் அவனுக்கு முன்னிரவு. கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில், ஹியூரான் ஏரிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறான். மாட்டுத் தீவன ஆலையில் வேலை. குடியிருப்பது ஒரு பால்பண்ணைக்காரர் வீட்டில் ஒரு பகுதியில்.

போன வருஷம் அவன் அனுப்பிய ஒரு போட்டோவைப் பார்த்து நான் கட்டுத்தரையிலேயே நின்று சிரித்துவிட்டேன். பழைய சிவப்பு டிராக்டர் ஒன்று. அதன் மேலே பிளைவுட்டில் அடித்த ஒரு பெட்டி. முன்பக்கம் ஏதோ பழைய லாரியின் கண்ணாடி, பக்கவாட்டில் வீட்டு ஜன்னல், கதவுக்குக் கொக்கி. நம்மூர் இஸ்திரி வண்டியைத் தூக்கி டிராக்டர் மேல் வைத்த மாதிரி இருந்தது.

"ஏன்டா, இதென்ன டிராக்டரா, இஸ்திரிக் கடையா?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்க மாமா. எங்க வீட்டுக்காரர் தாத்தா அவரே கட்டினதுங்க. பனி ஊதறதுக்கு. அவருக்கு வயசாயிருச்சு, இந்த வருஷம் என்னை ஓட்டச் சொல்றாரு. பெட்டி அடியில எல்லாம் இத்துப்போச்சு, புதுசா கட்டணும். நீங்க உங்க டிராக்டருக்கு டாப் போட்டீங்கல்ல, எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க மாமா."

டாப் என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோச்சு. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவனுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் அந்த மார்கழி, தை முழுக்க ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். டிராக்டரில் உட்கார்கிறவனுக்கு மேலே ஒரு கூரை வந்த கதை இவ்வளவு நீளமா என்று எனக்கே ஆச்சரியம். நகரத்தில் இருக்கும் நீங்கள் ஏ.சி. காரில் போகும்போது ஒரு தடவையாவது இதை நினைத்துப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பனி எப்படிப்பட்டது என்று சொல்லணும். நம்ம மார்கழிப் பனி இல்லை அது. ஹியூரான் ஏரி பெரிய கடல் மாதிரி. குளிர்காலத்தில் வறண்ட குளிர்காற்று அந்தத் தண்ணீருக்கு மேலே வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கிழக்குக் கரை ஏறியதும் அத்தனையையும் வெண்பனியாகக் கொட்டிவிடும். ஒரு வருஷத்தில் மொத்தமாக மூன்று மீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர்கள் அங்கே இருக்கின்றன. கொட்டியது கொட்டிய இடத்திலும் கிடக்காது. காற்று அதை வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்து, எங்கே பள்ளமோ, எங்கே வேலியோ, அங்கே குவிக்கும். ரோட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற மண்தடம் காலையில் இருக்கும், மத்தியானம் இருக்காது.

அந்தத் தடம் மூடினால் என்ன? பால் வண்டி வராது. அங்கே பாலைக் குளிர்தொட்டியில் சேர்த்து வைப்பார்கள், பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். தொட்டி நிறைந்த நாளில் டேங்கர் வரவில்லை என்றால் கறந்த பாலைச் சாக்கடையில் ஊற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பனி கொட்டுகிறது என்று மாடு மடியில் பாலை நிறுத்தி வைக்காது. இது எந்த ஊர் பால்காரனுக்கும் புரியும். அதனால் விடியுமுன் ஒருத்தர் டிராக்டரில் ஏறித் தடத்தைத் திறக்கணும்.

பனியை ஒதுக்கப் பலகை மாட்டித் தள்ளலாம். ஆனால் தள்ளிய பனி தடத்தின் இரண்டு பக்கமும் கரை கட்டிக்கொள்ளும். அடுத்த காற்றுக்கு அந்தக் கரையே தடுப்பாக நின்று இன்னும் பனியைச் சேர்க்கும். ஜனவரி கடைசியில் தள்ளுவதற்கு இடமே இருக்காது. அதனால்தான் ஊதுகிற இயந்திரம். முன்னால் திருகு மாதிரி சுற்றும் இரும்பு, பனியை அரைத்து நடுவுக்கு இழுக்கும். நடுவில் ஒரு விசிறி, அதை வளைந்த குழாய் வழியாகத் தூரத்து வயலில் வீசி எறியும். நம்ம ரொட்டவேட்டர் சுற்றுகிற அதே பி.டி.ஓ. ஷாப்ட்தான், அதே நிமிஷத்துக்கு 540 சுற்றுதான். கல் மாட்டினால் முறிகிற ஷியர் போல்ட்டும் அதே மாதிரிதான்.

இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. பனியைச் சக்கரத்தால் வெட்டி எறியலாம் என்று 1869-ல் காப்புரிமை வாங்கியவர் ஜே. டபிள்யூ. எலியட். டொரண்டோவில் பல் டாக்டர். ரயில் பாதைக்காக யோசித்தார், ஆனால் இயந்திரமாகச் செய்ய ஆள் கிடைக்கவில்லை. 1880-களில் ஒண்டாரியோவின் ஆரஞ்சுவில் ஊரைச் சேர்ந்த மில்காரர் ஆரஞ்சு ஜல் அந்த யோசனையைத் திருத்தினார், லெஸ்லி சகோதரர்கள் அதை ரயில் எஞ்சினுக்கு முன்னால் தள்ளும் இயந்திரமாகக் கட்டினார்கள். சாலைக்கு வந்தது ஆர்தர் சிகார்டு கையால். மாண்ட்ரியல் பக்கம் விவசாயக் குடும்பத்தில் 1876-ல் பிறந்தவர். கதிரை உள்ளே இழுத்து வைக்கோலை வெளியே தள்ளும் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1925-ல் ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்தார். 1927-ல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமான் ஊர் நிர்வாகம் முதலில் வாங்கியது. பல் டாக்டர், மில்காரர், விவசாயி மகன். வேலை செய்கிறவனுக்குத்தான் அதன் தொல்லை தெரியும்.

பிறகு இது சின்னதாகி டிராக்டருக்குப் பின்னால் வந்தது. இங்கேதான் சிக்கல். பின்னால் மாட்டினால் டிராக்டரை ரிவர்ஸில் ஓட்டணும். ஒரு கையில் ஸ்டியரிங், கழுத்தை முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்வை. காற்று எதிர்த்து அடித்தால் எறிந்த பனி அப்படியே திரும்பி முகத்தில் விழும், சட்டைக் காலருக்குள் இறங்கும். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், கனடாக்காரர்கள் போடும் கணக்கில் உடம்புக்கு அது மைனஸ் 33 மாதிரி. மூடாத தோல் பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் உறைந்து செத்துவிடலாம். அந்தத் தாத்தாவுக்கு ஒரு காது மடலின் நுனி இல்லை என்று பையன் சொன்னான். பெட்டி கட்டுவதற்கு முந்தின வருஷம் போனதாம்.

இனி டிராக்டர் சீட்டைப் பற்றி. நீராவி எஞ்சின் காலத்தில் பல எஞ்சின்களுக்குக் கூரை இருந்தது. எஞ்சினும் பெல்ட்டும் நனையக் கூடாது என்பதும் அதில் ஒரு கணக்கு. பெட்ரோல் டிராக்டர் வந்தபோது அதுவும் போய்விட்டது. 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரின் படத்தைப் பாருங்கள். சோத்துச் சட்டியைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி ஒரு இரும்புத் தட்டு, அதுதான் சீட். வெயில், மழை, பனி எல்லாம் தலைமேல். குதிரை ஏரில் நடந்த அப்பனைவிட மகன் உட்கார்ந்தாவது ஓட்டுகிறானே, அது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

1938-ல் அமெரிக்காவில் மின்னியாபொலிஸ்-மோலைன் கம்பெனி ஒரு டிராக்டர் விட்டது. யு.டி.எல்.எக்ஸ். என்று பெயர், கம்ஃபர்டிராக்டர் என்று விளம்பரம். நாலு பக்கமும் மூடிய கேபின், ஹீட்டர், ரேடியோ, வைப்பர், பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார இடம். மணிக்கு 40 மைல் ஓடும். பகலில் உழு, சாயங்காலம் சம்சாரத்தை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போ என்பதுதான் திட்டம். இன்றைக்குப் பார்த்தால் எவ்வளவு நல்ல யோசனை! விற்கவில்லை. மொத்தமே சுமார் 150 வண்டிதான் செய்தார்கள்.

காரணம் இரண்டு சொல்கிறார்கள். ஒன்று விலை, சுமார் இரண்டாயிரம் டாலர். பொருளாதார மந்தம் இன்னும் முழுசாகத் தெளியாத காலம், அந்தக் காசுக்கு இரண்டு கார் வாங்கலாம். இன்னொன்று வெட்கம். கண்ணாடிக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டு உழுகிறவனைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்ன சொல்வான்?

இந்த இரண்டாவது காரணம் எனக்குப் படித்ததும் புரிந்துவிட்டது. நான் முதன்முதலில் டிராக்டருக்கு மேலே தகரப் பந்தல் போட்டபோது எங்க அப்பா கேட்டது: "ஏன்டா, மாப்பிள்ளை ஊர்வலமா போற?" வெயிலில் காய்ந்தால்தான் பண்ணையம் என்று ஒரு எண்ணம். நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கம்பெனி கொடுத்ததை வேண்டாம் என்ற அதே ஆட்கள் குளிரைத் தாங்கிக்கொண்டே இருந்தார்களா? அதுவும் இல்லை. மெதுவாக, செலவில்லாமல், அவரவர் கையால் செய்துகொண்டார்கள். முதலில் கேன்வாஸ் துணி. ஹீட் ஹவுசர் என்ற பெயரில் கடையிலும் விற்றார்கள். எஞ்சினின் இரண்டு பக்கமும் கனத்த துணியைத் திரை மாதிரி கட்டி, அதைச் சீட்டு வரைக்கும் இழுத்து வந்து, முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி வைப்பார்கள். ரேடியேட்டர் விசிறி தள்ளுகிற சூட்டுக்காற்று வெளியே ஓடாமல் துணிக்குள்ளேயே பின்னால் வந்து ஓட்டுகிறவர் காலில் அடிக்கும். எஞ்சின் வீணாக்குகிற சூட்டை வைத்துக் குளிர் காய்வது. பைசா செலவில்லாத ஹீட்டர். ஆனால் தலைக்கு மேலேயும் முதுகுக்குப் பின்னாலேயும் ஒன்றும் கிடையாது. ரிவர்ஸில் பனி ஊதுகிறவனுக்கு அதுவே பெரிய குறை.

அதனால் அடுத்த படி பலகைப் பெட்டி. தாத்தா முதல் பெட்டியைக் கட்டியது அவருக்குக் கல்யாணமான வருஷமாம். இப்போது இற்றுப்போயிருப்பது மூன்றாவது. பையன் வீடியோ காலில் ஒவ்வொரு பகுதியாகக் காட்டினான். எனக்குச் சிரிப்பாகத் தெரிந்ததில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

சட்டம் ஒரு அங்குல ஸ்கொயர் பைப். மட்கார்டில் நேராக உட்காராமல் நடுவில் பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்திருக்கிறார், இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்வில் பெட்டி முழுக்கத் தம்பட்டம் மாதிரி அடிக்கும். முன்னால் மட்டும் நிஜக் கண்ணாடி, ஏனென்றால் வைப்பர் ஓடுவது அதன் மேல்தான். பக்கத்திலும் பின்னாலும் பாலிகார்பனேட் தகடு. அது கீறல் விழும், ஆனால் சுலபத்தில் உடையாது. அக்ரிலிக் போட்ட வருஷம் குளிரில் விரிசல் விட்டுவிட்டதாம். பின்பக்கக் கண்ணாடிதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. வேலை நடப்பது பின்னால்தானே. ஊதுகுழாயைத் திருப்பும் கைப்பிடிக்கு நீளமான கம்பி போட்டு உள்ளே கொண்டுவந்திருக்கிறார். எஞ்சின் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, பழைய காரின் ஹீட்டரில் விட்டு, சின்ன விசிறி. அந்த விசிறி முக்கியமாகக் கண்ணாடிக்குத்தான். மனுஷன் விடுகிற மூச்சே உள்ளே கண்ணாடியில் உறைந்து பார்வையை மறைத்துவிடும்.

கோடை வந்ததும் மொத்தப் பெட்டியையும் கழற்றணும், இல்லாவிட்டால் உள்ளே ஆள் வெந்துபோவார். நாலு போல்ட்டைத் தளர்த்தி, கொட்டகை உத்தரத்தில் கப்பியும் கயிறும் போட்டுப் பெட்டியை மேலே தூக்கிவிட்டு, அடியிலிருந்து டிராக்டரை ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அடுத்த கார்த்திகை வரைக்கும் அது அங்கேயே தொங்கும்.

"எல்லாம் நல்லா இருக்குடா," என்றேன். "சரி, வண்டி கவிழ்ந்தா இது தாங்குமா?"

"பனி ஊதறதுல எங்க மாமா கவிழும்?"

இங்கேதான் நான் டாப் பற்றிச் சொல்லணும். 1998 ஐப்பசியில் எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், சேற்று உழவில் டிராக்டர் புரண்டு போய்ச் சேர்ந்தார். கேஜ் வீல் சேற்றில் புதைந்துவிட்டது. எல்லோரும் செய்கிற மாதிரி பின்சக்கரத்தோடு ஒரு கட்டையைச் சங்கிலி போட்டுக் கட்டி, ஏறி உட்கார்ந்து, எஞ்சினை முறுக்கிக் கிளட்சை விட்டார். சக்கரம் சுற்றவில்லை. முன்பக்கம் எழுந்தது. அவ்வளவுதான், வரப்பில் நின்றவர் கூப்பிடுவதற்குள் முடிந்துவிட்டது. அவர் டிராக்டருக்கு மேலே டாப் இருந்தது. ஆங்கிளும் தகரமும் வாங்கி, நானும் அவரும் ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து பற்றவைத்த டாப். அது காகிதம் மாதிரி மடிந்து கிடந்ததை நான் பார்த்தேன். அதைப் போட்ட அன்றைக்கு, "இனி வண்டி பொரண்டாலும் நம்மளத் தொடாதுடா" என்று அவர் சொன்னதற்கு நான் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

இத்தனை வருஷம் கழித்துத்தான் அதன் கணக்கைப் படித்தேன். எஞ்சினின் சக்தி சக்கரத்தைச் சுற்றணும். சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிட்டால், அதே சக்தி அச்சை மையமாக வைத்து டிராக்டர் உடம்பைத் தூக்கும். முன்பக்கம் எழத் தொடங்கினால், திரும்பக் கீழே இறக்க முடியாத கட்டத்தைத் தாண்ட முக்கால் நொடி போதும். மனுஷனுக்கு விஷயம் உறைத்து, கால் கிளட்சுக்குப் போய், அழுத்தி முடிப்பதற்குள் அந்த முக்கால் நொடி போயிருக்கும். சாமர்த்தியம், அனுபவம் எதுவும் அங்கே உதவாது. எங்க அண்ணன் ஓட்டத் தெரியாதவர் இல்லை என்று இருபத்தைந்து வருஷமாக நான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பழைய ஃபோர்ட்சனுக்கும் இதே கெட்ட பெயர் உண்டு. நீளம் குறைவு, பின்னால் எடை. கலப்பை வேரில் மாட்டினால் அப்படியே மல்லாந்துவிடும். பிறகு மட்கார்டைப் பின்னால் நீட்டி, தரையில் முட்டுக்கொடுத்து நிற்கிற மாதிரி செய்தார்கள். 1939-ல் ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டரோடு வந்த மூன்று முனை லிங்கேஜ், கலப்பை மாட்டினால் முன்பக்கம் எழுவதை நிறையக் குறைத்தது. இன்றைக்கு நம்ம டிராக்டர்களில் இருப்பது அதே ஏற்பாடுதான். ஆனால் பக்கவாட்டில் சாய்வதற்கும் சேற்றில் சக்கரம் மாட்டுவதற்கும் அது மருந்து இல்லை.

மருந்து கண்டுபிடித்தது ஸ்வீடன். கல்லும் சரிவும் காடும் உள்ள நாடு, 1950-களில் டிராக்டர் பெருகப் பெருகக் கவிழ்ந்து சாகிறவர்களும் பெருகினார்கள். அவர்கள் ஓட்டுகிறவனைத் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. கவிழ்வதை முழுசாக நிறுத்த முடியாது, கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்க ஒரு இடம் மிச்சம் வைப்போம் என்று யோசித்தார்கள். கூண்டைக் கட்டி, பெரிய எடையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு அதை இடித்துப் பார்த்தார்கள். வளையலாம், ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் வரக் கூடாது. அதில் தேறிய கூண்டு இல்லாமல் புது டிராக்டர் விற்கக் கூடாது என்று 1959-ல் சட்டம் போட்டார்கள். பிறகு படிப்படியாகப் பழைய டிராக்டர்களுக்கும். 1950-களின் கடைசியில் ஒரு லட்சம் டிராக்டருக்கு வருஷத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கவிழ்ந்து செத்துக்கொண்டிருந்த நாட்டில், 1990 வாக்கில் அது ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. மனுஷர்கள் மாறவில்லை, சரிவுகள் மாறவில்லை. தலைக்கு மேலே ஒரு இரும்பு வளைவு வந்தது.

மற்றவர்கள் மெதுவாக வந்தார்கள். பிரிட்டனில் 1970-லிருந்து புது டிராக்டருக்குப் பாதுகாப்புக் கேபின் கட்டாயம். அவசரத்தில் தகரத்தை அடித்து மாட்டிய கேபின்களில் எஞ்சின் சத்தம் உள்ளேயே சுற்றிச் சுற்றி அடித்தது. உயிர் தப்பினாலும் காது போகிற நிலை. அதற்கு 1976-ல் இன்னொரு விதி, உள்ளே சத்தம் 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று. அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனி 1966-ல் உருளல் காப்பு வளைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வடிவமைப்பை மற்றக் கம்பெனிகளும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது, இது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் வாங்குகிறவர்கள் தயங்கினார்கள். கொட்டகை வாசலில் இடிக்கும், ஆப்பிள் தோட்டத்துக் கிளையில் மாட்டும், எதுக்கு வீண் செலவு. கூலிக்கு ஆள் ஓட்டும் புது டிராக்டர்களுக்கு 1976-ல்தான் கட்டாயம் வந்தது. எல்லாப் புது டிராக்டரிலும் கம்பெனிகளே சேர்த்து விற்பது 1985 வாக்கில்தான்.

இரண்டு கதையும் சேர்ந்த இடம் 1972. அந்த வருஷம் ஜான் டீர் கொண்டுவந்த சவுண்ட்-கார்டு கேபினில் இரும்புக் கூண்டு சுவருக்குள்ளேயே இருந்தது. மொத்தக் கேபினும் ரப்பர் மேல் உட்கார்ந்தது, சத்தம் குறைந்தது, ஹீட்டரும் ஏ.சி.யும் வைக்க முடிந்தது. 1938-ல் வெட்கப்பட்டு விட்டுப்போனதை முப்பத்து நாலு வருஷம் கழித்துக் காசு கொடுத்து வாங்கினார்கள். அதற்குள் பழகிக்கொண்டது கேன்வாஸ் துணியிலும் பலகைப் பெட்டியிலும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொகுசு தப்பில்லை என்று விவசாயி முதலில் தன் கையால் செய்து பார்த்து நம்பினான்.

ஆனால் பழைய டிராக்டர் சாகாது, அதுதான் அதன் நல்ல குணமும் கெட்ட குணமும். அறுபது வருஷத்துக்கு முந்தின வண்டி இன்றைக்கும் பனி ஊதும். அதன் மேலே வருவது கம்பெனிக் கூண்டு இல்லை, பிளைவுட் பெட்டி. பெட்டிக்குள் உட்கார்ந்தால் காற்று அடிக்காது, கால் சூடாக இருக்கும், நாலு பக்கமும் சுவர் தெரியும். பத்திரமாக இருக்கிற மாதிரியே இருக்கும். எங்க அண்ணனுக்கும் தலைக்கு மேலே தகரம் தெரிந்தது. குளிரைத் தடுப்பதும் வெயிலைத் தடுப்பதும் ஒரு வேலை, மூன்று டன் இரும்பைத் தடுப்பது வேறு வேலை. கண்ணுக்கு இரண்டும் கூரைதான்.

இதையெல்லாம் பையனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொன்னேன். முதலில் புகை. பெட்டி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஆபத்து, சைலன்சர் கூரைக்கு மேலே போகணும், மேனிஃபோல்டில் கசிவு இருக்கக் கூடாது, ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கணும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். இரண்டாவது வழி. கதவு பனிக் குவியலில் மாட்டிக்கொண்டால் வெளியே வர இன்னொரு பக்கம் திறக்கணும். மூன்றாவது, குழாயில் பனி அடைத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, குச்சியால் குத்து, கையை விடாதே. நாலாவது, கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது: அந்த மாடலுக்கென்று சோதனை செய்த காப்பு வளைவு கிடைக்குமா என்று கேள். கிடைத்தால் அதைப் போட்டு பெல்ட்டும் போடு. வளைவில் துளை போடவோ பற்றவைக்கவோ கூடாது, அதன் பலம் போய்விடும். பெட்டியைக் கிளாம்ப் போட்டு அதைச் சுற்றிக் கட்டு. வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போடாதே, வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போடும்.

"தாத்தா ஒத்துக்க மாட்டாரு மாமா. அம்பது வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகலைங்கறாரு."

"தடத்துல பனி ஊதறப்ப ஒண்ணும் ஆகாதுன்னே வச்சுக்குவோம். கோடையில அதே வண்டியிலதான சரிவுல புல் அறுக்கறீங்க? எங்க அண்ணனைப் பத்தி அவருகிட்டச் சொல்லு."

சொல்லியிருக்கிறான். தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அவர் பக்கத்துப் பண்ணையில் 1960-களில் அப்படிப் போன ஒரு பையனைப் பற்றிச் சொன்னாராம். அவருடைய பள்ளிக்கூடத் தோழன். அடுத்த வாரம் டீலருக்குப் போன் போட்டார். அந்தப் பழைய மாடலுக்கும் வளைவு கிடைத்தது, பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. நாலாவது பெட்டி அதைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறார்கள்.

என் டிராக்டரில் தகர டாப் இன்னும் இருக்கிறது. வெயிலுக்கு. அதற்கு மேல் அதை நம்புவதில்லை. சக்கரம் புதைந்தால் கட்டை கட்டுவதை எங்க பக்கத்தில் பாதிப் பேராவது விட்டுவிட்டோம், வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்துப் பார்ப்போம், முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிட்டு இழுப்போம். அடுத்த வண்டி வாங்கும்போது, விலை கூடினாலும் காப்பு வளைவு உள்ளதாகப் பார்க்கணும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். மகன் சிரிக்கவில்லை.

சித்திரை பிறக்கும்போது பையன் ஒரு போட்டோ அனுப்பினான். பனி உருகித் தடம் முழுக்கச் சேறு. கொட்டகை உத்தரத்தில் புதுப் பலகைப் பெட்டி கயிற்றில் தொங்குகிறது. அடியில் சிவப்பு டிராக்டர் வெளியே கிளம்பி நிற்கிறது. பெட்டி கழன்றுவிட்டது. கறுப்பு இரும்பு வளைவு மட்டும் சீட்டுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது.